புழுவெட்டு பரம்பரை நோயா? தைராய்டு, சர்க்கரை, தோல் அழற்சியோடு என்ன தொடர்பு? - முழு விளக்கம்

பெரும்பாலும் இதை முதலில் கண்டுபிடிப்பவர் டாக்டர் இல்லை. முடி வெட்டுகிற கடைக்காரர்தான். "அண்ணே, பின்னாடி ஒரு இடத்துல புழுவெட்டு மாதிரி இருக்கு, கவனிச்சீங்களா?" என்று அவர் கேட்கும்போதுதான் பலருக்கும் விஷயமே தெரியவரும். கையை வைத்துப் பார்த்தால், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம். வலி இல்லை, புண் இல்லை. முடி மட்டும் இல்லை.

அன்றிரவே வீட்டில் கேள்விகள் ஆரம்பிக்கும். இது ஒட்டிக்கொள்ளுமா? அப்பாவுக்கும் இருந்ததே, அதனால் வந்ததா? பிள்ளைகளுக்கும் வருமா? அம்மாவுக்குத் தைராய்டு, தம்பிக்கு வெண்புள்ளி. இதற்கெல்லாம் ஏதாவது தொடர்பு இருக்கிறதா?

கடைசிக் கேள்வி பலருக்கும் தோன்றுவதே இல்லை. ஆனால் அதில்தான் விஷயம் இருக்கிறது.

*புழுவெட்டு என்றால் என்ன?*

மருத்துவத்தில் இதன் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. நம்ம ஊரில் புழுவெட்டு, பூச்சிவெட்டு என்று சொல்கிறோம். தூங்கும்போது ஏதோ பூச்சி வந்து முடியைக் கடித்துவிட்டது என்ற நம்பிக்கையில் வந்த பெயர் இது. உண்மையில் இதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. முடியைத் தாக்குவது நம் உடம்பின் சொந்த நோய் எதிர்ப்பு மண்டலம்தான்.

இது அரிதான நோயும் இல்லை. வாழ்நாளில் 100 பேரில் சுமார் 2 பேருக்கு எப்போதாவது இது வரலாம். ஆண், பெண், குழந்தை என்ற பேதம் கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு 40 வயதுக்குள்ளேயே முதல் வட்டம் தெரிந்துவிடும்.

பலருக்கு ஒன்றிரண்டு வட்டங்களோடு நின்றுவிடும். தலை, தாடி, புருவம் என எங்கு வேண்டுமானாலும் வரலாம். சிலருக்கு மட்டும் தலைமுடி முழுவதும் போய்விடும். இன்னும் சிலருக்குப் புருவம், இமை உட்பட உடம்பு முழுக்க முடி உதிரும். நகங்களில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் விழுவதும் உண்டு.

ஆண்களுக்கு வயதாக ஆக விழும் வழுக்கை வேறு, இது வேறு. அந்த வழுக்கைக்கு ஹார்மோனும் மரபும் காரணம். அதில் முடியின் வேர்ப்பை படிப்படியாகச் சுருங்கிப்போகும். புழுவெட்டில் வேர்ப்பை அழிவதில்லை. வேலைநிறுத்தம் செய்வது போல உற்பத்தியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பல வருடம் கழித்துக்கூட முடி திரும்ப முளைக்க வாய்ப்பு இருப்பதற்கு இதுதான் காரணம்.

*உடம்பு தன் முடியையே ஏன் தாக்குகிறது?*

வளர்ந்துகொண்டிருக்கும் முடியின் வேருக்கு உடம்புக்குள் ஒரு தனிச் சலுகை உண்டு. நோய் எதிர்ப்புச் செல்கள் வழக்கமாக எல்லா இடத்திலும் ரோந்து சுற்றும். ஆனால் முடி வேரின் அடிப்பகுதியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கண்ணின் சில பகுதிகளுக்கும் இதே மாதிரி பாதுகாப்பு உண்டு.

புழுவெட்டில் இந்தப் பாதுகாப்பு உடைந்துபோகிறது. டி செல்கள் எனப்படும் நோய் எதிர்ப்புச் செல்கள், முடி வேரை எதிரி என்று நினைத்துச் சூழ்ந்துகொள்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் வேரைச் சுற்றித் தேனீக்கள் மொய்ப்பது போல இருக்கும். மருத்துவப் பாடப் புத்தகங்களிலேயே இதைத் 'தேனீக்கூட்டம்' என்றுதான் வர்ணிக்கிறார்கள்.

இந்தச் செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அது முடி வேரைத் தூண்டி, இன்னும் அதிக டி செல்களை வரவழைக்கும் சிக்னலை வெளியிட வைக்கிறது. கூட்டம் கூடக் கூட அழைப்பும் கூடும். இந்தச் சுழற்சி நிற்காதவரை முடி முளைக்காது.

இன்னொரு ஆச்சரியம், இந்தத் தாக்குதல் பெரும்பாலும் நிறமுள்ள முடியைத்தான் குறிவைக்கிறது. வெள்ளை முடி தப்பித்துவிடும். கறுப்பு முடி மட்டும் வேகமாகக் கொட்டி வெள்ளை முடி மிஞ்சுவதால், "ராத்திரியோட ராத்திரியா நரைச்சுப் போச்சு" என்று தோன்றும். திரும்ப முளைக்கும் முடியும் முதலில் வெள்ளையாக வந்து, பிறகு கறுப்பாவது வழக்கம்.

*மரபணுக்கள் சொன்ன ரகசியம்*

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா கிறிஸ்டியானோ என்ற மரபியல் விஞ்ஞானி இருக்கிறார். அவருக்கே புழுவெட்டு வந்தது. அதன் பிறகுதான் இந்த நோயின் மரபணுவைத் தேடும் வேலையில் அவர் தீவிரமாக இறங்கினார்.

அவரது குழுவின் ஆய்வு 2010-ல் நேச்சர் இதழில் வெளியானது. புழுவெட்டு உள்ள சுமார் ஆயிரம் பேரின் மரபணுக்களையும், நோய் இல்லாத சுமார் மூவாயிரம் பேரின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது. நோயோடு தொடர்புடைய பல மரபணுப் பகுதிகள் அதில் தெரியவந்தன.

அந்தப் பட்டியல்தான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. தோல் சம்பந்தப்பட்ட நோய் என்பதால் சொரியாசிஸோடு ஒத்துப்போகும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஆனால் அதில் இருந்தவை டைப் 1 சர்க்கரை நோய், முடக்குவாதம், குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் ஆகியவற்றில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட மரபணுக்கள். அதாவது கணையத்தையும் மூட்டையும் குடலையும் தாக்கும் நோய்களுக்கும், தலையில் விழும் ஒரு சின்ன வட்டத்துக்கும் வேர் ஓரளவு ஒன்றுதான்.

அந்த மரபணுக்களின் வேலை என்ன? எளிமையாகச் சொன்னால் மூன்று வகை.

முதல் வகை, 'இது நம்ம ஆள், இது வெளியாள்' என்று அடையாளம் காட்டுபவை. எச்எல்ஏ எனப்படும் மரபணுத் தொகுதி இதைச் செய்கிறது.

இரண்டாவது வகை, நோய் எதிர்ப்புச் செல்களுக்கு பிரேக் போடுபவை. இதில் குறை இருந்தால் தொடங்கிய சண்டை நிற்காது.

மூன்றாவது வகை, 'ஆபத்து, இங்கே வாங்க' என்று கொடி காட்டுபவை. யுஎல்பிபி என்ற மரபணுக்கள் இந்த வகை. 2010 ஆய்வில் புழுவெட்டுக்கென்றே தனியாகத் தெரியவந்தவை இவைதான். நோயுள்ளவர்களின் முடி வேர்களில் இந்தக் கொடி அதிகமாகக் காணப்பட்டது.

முதல் இரண்டு வகையும் பல தன்னுடல் தாக்கு நோய்களுக்குப் பொது. எந்த உறுப்பில் கொடி ஏறுகிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்குத் தைராய்டு, இன்னொருவருக்கு மூட்டு, மற்றொருவருக்கு முடி என்று பாதிப்பு மாறலாம். ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு நோய் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

*அப்படியென்றால் இது பரம்பரை நோயா?*

ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பரம்பரையாக வருவது நோய் அல்ல, நோய் வரக்கூடிய வாய்ப்பு.

இதைப் புரிந்துகொள்ள இரட்டையர் ஆய்வுகள் உதவும். ஒரே கருவில் இருந்து பிறந்த இரட்டையர்களுக்கு மரபணு கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒருவருக்குப் புழுவெட்டு இருந்தால், மற்றவருக்கும் இருந்தது சுமார் 40 முதல் 55 சதவிகித ஜோடிகளில் என்று ஆய்வுகள் காட்டின. மரபணு மட்டுமே காரணம் என்றால் அது 100-ஐ நெருங்கியிருக்க வேண்டும். மரபணுவுக்குப் பங்கே இல்லை என்றால், மற்றவர்களுக்கு இருப்பது போல 2 சதவிகிதத்தில் நின்றிருக்க வேண்டும். உண்மை நடுவில் இருக்கிறது.

அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 6 சதவிகிதம் என்று ஒரு ஜெர்மன் குடும்ப ஆய்வு கணக்கிட்டது. மற்றவர்களைவிட அதிகம்தான். ஆனால் அதைத் திருப்பிப் பாருங்கள். நூற்றில் 90-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வராது. பெண் பார்க்கப் போன இடத்தில் "அவங்க குடும்பத்துல புழுவெட்டு இருக்காம்" என்று சொல்லி ஒரு சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பதில் மருத்துவ நியாயம் எதுவும் இல்லை.

*ஒரே மரபணுவால் வரும் அரிய நோய்கள்*

மேலே சொன்னது பல மரபணுக்களின் கூட்டு விளைவு. இதற்கு மாறாக, ஒரே ஒரு மரபணு கெட்டுப்போவதால் நேரடியாகப் பரம்பரையாக வரும் அழற்சி நோய்களும் உள்ளன. அவற்றில் ஒன்று புழுவெட்டோடு நேரடியாகச் சேர்ந்தது.

அதன் பெயர் ஏபிஎஸ் வகை 1. இதற்குக் காரணம் 21-வது குரோமோசோமில் உள்ள ஏர் என்ற மரபணு. நெஞ்சுக்கூட்டுக்குள் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. டி செல்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். உடம்பின் எல்லா உறுப்புகளின் 'போட்டோ'வையும் அங்கே காட்டி, 'இவங்க எல்லாம் நம்ம ஆளுங்க, அடிக்கக் கூடாது' என்று பாடம் நடத்த உதவுவது இந்த ஏர் மரபணு. அது வேலை செய்யாவிட்டால் பாடம் படிக்காத செல்கள் வெளியே வந்து, பல உறுப்புகளைத் தாக்கும்.

இந்த நோய் உள்ளவர்களுக்குச் சிறு வயதிலேயே வாயிலும் நகத்திலும் விடாத பூஞ்சைத் தொற்று, ரத்தத்தில் கால்சியம் குறைவு, அட்ரினல் சுரப்பி செயலிழப்பு ஆகியவை வரும். இவர்களில் கணிசமானவர்களுக்குப் புழுவெட்டும் வரும். பின்லாந்து, இத்தாலியின் சார்டினியா தீவு, ஈரானிய யூதர்கள் ஆகிய சமூகங்களில் இது ஒப்பீட்டளவில் அதிகம். மற்ற இடங்களில் மிக மிக அரிது.

21-வது குரோமோசோம் கூடுதலாக ஒன்று இருப்பதால் வருவது டவுன் சிண்ட்ரோம். இந்தக் குழந்தைகளிடமும் புழுவெட்டு, தைராய்டு, சீலியாக் மூன்றுமே மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகின்றன.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மத்தியதரைக் கடல் குடும்பக் காய்ச்சல் என்று ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. துருக்கியர், அர்மீனியர், அரேபியர், யூதர்களிடம் அதிகம். அதற்கான மரபணு 1997-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் காய்ச்சலும் வயிற்று வலியும் விட்டுவிட்டு வரும். இதுவும் அழற்சி நோய்தான். ஆனால் அதில் தவறு நடப்பது உடம்பின் முதல்கட்டப் பாதுகாப்பில். ஆளைக் குறிவைத்து அடிக்கும் டி செல்களில் அல்ல. எனவே 'பரம்பரை அழற்சி நோய்' என்ற ஒரே பெயரைப் பார்த்துவிட்டு எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம்.

*புழுவெட்டு உள்ளவர்கள் எந்த நோய்களைக் கவனிக்க வேண்டும்?*

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புழுவெட்டு வந்ததால் தைராய்டு வராது, தைராய்டு வந்ததால் புழுவெட்டும் வராது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்றும் இருக்க வாய்ப்பு சற்று அதிகம், அவ்வளவுதான்.

*தைராய்டு:* அதிகம் சேர்ந்து காணப்படுவதில் இது முக்கியமானது. காரணமில்லாத சோர்வு, எடை மாற்றம், மாதவிலக்கு மாற்றம், மலச்சிக்கல், படபடப்பு இருந்தால் சொல்லுங்கள்.

*கரப்பான், வீசிங், தும்மல்:* சிறு வயதில் இருந்தே கரப்பான், ஆஸ்துமா, தூசி அலர்ஜி உள்ளவர்களிடம் புழுவெட்டு கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களுக்கு முடி திரும்ப வரத் தாமதமாகவும் செய்யலாம்.

*வெண்புள்ளி:* இங்கே தாக்கப்படுவது தோலுக்கு நிறம் தரும் செல்கள். இது தொழுநோய் இல்லை, தொற்றாது. முன்பு தவறாக வைத்திருந்த 'வெண்குஷ்டம்' என்ற பெயரை இனியாவது விட்டுவிடுவோம்.

*டைப் 1 சர்க்கரை:* அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், திடீர் மெலிவு. குழந்தைகளிடம் இதைப் பார்த்தால் தள்ளிப்போடாமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

*முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ், சீலியாக்:* காலையில் எழுந்ததும் நெடுநேரம் விரல்கள் மடங்காத விறைப்பு, வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, செதில் உதிரும் தடிப்புகள், கோதுமை சாப்பிட்டால் வயிற்றுக் கோளாறு ஆகியவை இதற்கான அறிகுறிகள்.

அப்படியானால் ஒரு வட்டம் விழுந்ததுமே லேபுக்குப் போய் 'ஃபுல் பாடி செக்கப்' எடுக்க வேண்டுமா? தேவையில்லை. அறிகுறி எதுவும் இல்லாத எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனைப் பட்டியல் நீட்ட வேண்டியதில்லை. அறிகுறி இருந்தாலோ, குடும்பத்தில் இந்த நோய்கள் இருந்தாலோ, டவுன் சிண்ட்ரோம் இருந்தாலோ தைராய்டு பரிசோதனையை டாக்டர் பரிந்துரைக்கலாம். காசு கட்டி மரபணுப் பரிசோதனை செய்வதால் புழுவெட்டு உள்ள சாதாரண நோயாளிக்குப் பயன் இல்லை.

*மூட்டு வலி மாத்திரை முடியை முளைக்க வைத்த கதை*

மரபணு ஆராய்ச்சியால் நமக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் இருக்கிறது.

டி செல்கள் முடி வேருக்கு அனுப்பும் சிக்னல், செல்லுக்குள் ஜேக் என்ற புரதத்தின் வழியாகத்தான் போகிறது. முடக்குவாதத்திலும் இதே வழிதான். அதற்கு ஏற்கெனவே மாத்திரை இருந்தது.

2014-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். வயது 25. சொரியாசிஸும் இருந்தது, உடம்பு முழுக்க முடியும் இல்லை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் டோஃபாசிட்டினிப் மாத்திரையைக் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் தலை, புருவம், இமை, தாடி எல்லாம் முளைத்தன. அதே ஆண்டு கிறிஸ்டியானோவின் கொலம்பியா குழுவும் இதே வகை மருந்தால் எலிகளிலும், மூன்று நோயாளிகளிலும் முடி வளர்ந்ததைக் காட்டியது.

பிறகு சுமார் 1,200 பேரிடம் பாரிசிட்டினிப் மருந்து சோதிக்கப்பட்டது. எல்லோருமே தலைமுடியில் பாதியோ அதற்கு மேலோ இழந்தவர்கள். 36 வாரம் கழித்து, அதிக டோஸ் எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தலையில் 80 சதவிகிதமோ அதற்கு மேலோ முடி இருந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் அது சுமார் 3 முதல் 6 சதவிகிதம்தான். 2022 ஜூனில் அமெரிக்கா இதை அனுமதித்தது. தீவிரப் புழுவெட்டுக்கு அங்கே அனுமதி பெற்ற முதல் மாத்திரை அதுதான். 2023-ல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ரிட்லெசிட்டினிப்பும், 2024-ல் டியூருக்ஸோலிட்டினிப்பும் வந்தன.

இதைப் படித்ததும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓட வேண்டாம். மூன்று எச்சரிக்கைகள் உள்ளன.

ஒன்று, மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. இரண்டு, மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு முடி மறுபடி கொட்டுகிறது. மூன்று, இவை எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள். கடுமையான தொற்று, ரத்தக் கட்டி, இதயப் பிரச்சனை, புற்றுநோய் ஆகியவை பற்றிய எச்சரிக்கை மருந்து அட்டையிலேயே இருக்கிறது. முக்கியமாக, உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய் கிருமி விழித்துக்கொள்ளலாம். காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் அதற்கான பரிசோதனை இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது.

*சின்ன வட்டத்துக்கு என்ன செய்வது?*

ஒன்றிரண்டு சிறிய வட்டங்கள் என்றால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். வேகப்படுத்த விரும்பினால் பெரியவர்களுக்கு அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தடவும் மருந்து. சிறு வயதிலேயே தொடங்குவது, காதுக்குப் பின்னால் இருந்து பிடரி வரை பட்டையாகக் கொட்டுவது, நகம் பாதிப்பது ஆகியவை இருந்தால் தோல் மருத்துவரை விரைவில் பாருங்கள்.

"சின்ன வெங்காயம் தேய்ச்சா சரியாயிடும்" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் வைத்தியம். வெங்காயச் சாறு பற்றி ஈராக்கில் ஒரு சிறிய ஆய்வு நடந்து 2002-ல் வெளியானது. 38 பேர்தான் கலந்துகொண்டார்கள். சாறு தடவியவர்களுக்குத் தண்ணீர் தடவியவர்களைவிட நன்றாக முடி வளர்ந்தது. ஆனால் அவ்வளவு சிறிய ஆய்வை வைத்து முடிவுக்கு வர முடியாது. தானாகவே முளைக்கக்கூடிய நோயில் எதைத் தடவினாலும் அதற்குத்தான் பெயர் போகும். தோல் புண்ணாகும் அளவுக்குத் தேய்ப்பதும், பிளேடால் கீறி மருந்து பூசுவதும் ஆபத்து. புண்ணாகித் தழும்பு விழுந்தால் அந்த இடத்தில் பிறகு முடியே முளைக்காது.

வட்டத்தில் செதில், அரிப்பு, சீழ், உடைந்த கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது புழுவெட்டாக இல்லாமல் படர்தாமரைப் பூஞ்சையாக இருக்கலாம். குழந்தைகளிடம் இது சகஜம், ஒட்டிக்கொள்ளும். அதற்கு மாத்திரை வேண்டும். புழுவெட்டு ஒருபோதும் ஒட்டாது. சீப்பு, துண்டு, தலையணை எதையும் தனியாக வைக்க வேண்டாம்.

*சிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம்*

2022 மார்ச்சில் ஆஸ்கர் மேடையில் நடந்தது நினைவிருக்கிறதா? நடிகை ஜேடா பிங்கெட் ஸ்மித்தின் மொட்டைத் தலையை வைத்து கிறிஸ் ராக் ஜோக் அடித்தார். ஜேடாவின் கணவர் வில் ஸ்மித் மேடையேறி அவரை அறைந்தார். அறைந்தது சரியா தவறா என்று உலகமே விவாதித்தது. முடி உதிர்வதைப் பற்றி ஜேடா 2018-லேயே வெளிப்படையாகப் பேசியிருந்தார் என்பது அந்தச் சத்தத்தில் பலருக்குத் தெரியாமலே போனது.

அதுபோன்ற ஜோக், கேமரா இல்லாத வகுப்பறைகளில் தினமும் நடக்கிறது. புழுவெட்டு உயிரை எடுக்காது. ஆனால் பதற்றமும் மன அழுத்தமும் இவர்களிடம் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வகுப்பில் தொப்பியைக் கழற்றச் சொல்லாத ஒரு டீச்சர், "ஒட்டுமா?" என்று கேட்காத ஒரு நண்பர், "நீ டென்ஷன் ஆனதாலதான் வந்துச்சு" என்று பழி போடாத ஒரு வீடு இருந்தாலே அந்தப் பிள்ளைக்குப் பாதி பாரம் குறையும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வட்டத்தை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். வீட்டில் யாருக்குத் தைராய்டு, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வெண்புள்ளி, யாருக்கு மூட்டு வலி என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். சில சமயம் விலை உயர்ந்த பரிசோதனையைவிட அந்தச் சீட்டு அதிகம் சொல்லும்.

*இக்கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே. சிகிச்சை தொடர்பான முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் கலந்து பேசி எடுக்கவும்.*